சவூதிக்குப் போன காவிரிச் சத்தம்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். திருச்சியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த அத்தனை வருஷமும் என் குரலைப் பற்றித்தான் ஊரெல்லாம் கேலி. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர், "சிஸ்டர் அங்க ஒரு அதட்டு போட்டா இங்க என் பிலிம் ஆடிப்போயிடறது" என்பார். போட்டால் என்ன? அதட்டாமல் நாற்பது பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கட்டும் அவர்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதே அந்த எக்ஸ்ரேக்காரர்தான். எழுபதுகளின் கடைசியில் இருக்கும். மாசக்கணக்கில் படுக்கையில் கிடக்கிற, இன்னும் எத்தனை நாளோ என்று நாங்களே பயப்படுகிற பிள்ளைகளிடம், "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்போம். முடிந்தால் அதைச் செய்து வைப்போம். அதற்குப் பெயரும் கிடையாது, போர்டும் கிடையாது. அவர் முதலில் இதைச் சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன். "இது ஆஸ்பத்திரியா, பொருட்காட்சியா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "படத்துல விழறதை என்னால மாத்த முடியறதில்லை சிஸ்டர். வேற எதையாவது மாத்த முடியுமான்னு பார்க்கறேன்" என்றார்.

முதல் குழந்தை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும் என்று சொன்னது. உட்கார வைத்தோம். டிரைவர் ஆரன் அடிக்கவும் விட்டார். அதன் அம்மாவின் முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வார்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் அந்த அம்மா மற்ற அம்மாக்களுக்கெல்லாம் அந்த ஆரன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நான் வாயை மூடிக்கொண்டு கூட வேலை செய்ய ஆரம்பித்தேன்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக்கூடாது. கேட்டால் பிள்ளைகள் தங்கள் ஆசையைச் சொல்ல மாட்டார்கள், பெற்றவர்களின் வேண்டுதலைத்தான் சொல்வார்கள். சமயபுரம் போகணும், வேளாங்கண்ணி போகணும், தர்காவுக்குப் போகணும் என்று வரிசையாக வரும். அம்மா குழாயடிக்குப் போகிற வரை காத்திருந்து மறுபடி கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். பத்து வயது. பாலக்கரையில் என் வீட்டுக்கு நாலு சந்து தள்ளித்தான் அவர்கள் வீடு. எங்கள் மாதா கோயில் மணியும் அவர்கள் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றாகக் கேட்கிற பேட்டை. சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் காய்ச்சலுமாக இருந்திருக்கிறாள். வளர வளர சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். அது உள்ளே போய் இதயத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. நாலு எட்டு நடந்தால் இரைக்கும். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. பெரிய ஆம்பிளைகளே கத்துகிற ஊசி அது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சா சிஸ்டர்?" என்பாள்.

டாக்டர் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். "மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன். சுருங்கின வால்வை ஆபரேஷன் பண்ணித் திறந்துவிடலாம், புள்ளை பொழைச்சுக்கும். ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள செய்யணும். தள்ளிப்போட்டா நுரையீரல் தாங்காது."

பெண்ணின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். "புள்ளையோட அத்தா வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன் டாக்டர். ஏதாவது ஆயிடுச்சுன்னா அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அப்போ அவருக்குச் சொல்லி வரச்சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். சுவரில் போய் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது எங்களுக்கு. அத்தா சவூதியில் இருந்தார். போய் மூன்று வருஷம். மகளுக்கு ரத்தம் கொஞ்சம் கம்மி, டானிக் குடிக்கிறாள், ஸ்கூலுக்குப் போய் வருகிறாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குப் போனேன். "ஏம்மா, பெத்த தகப்பனுக்குத் தெரிய வேணாமா? என்ன மனசு உனக்கு?" என்றேன்.

"உங்களுக்குப் புரியாது சிஸ்டர். அங்க பாலைவனத்துல ஒத்தையில கெடக்குற மனுஷன். கேட்டா பதறிப்போயிடுவாரு. பாஸ்போர்ட்டு மொதலாளி கையில. நெனச்ச உடனே கெளம்பி வர முடியாது. வர முடியாத எடத்துல இருந்துக்கிட்டு இதைக் கேட்டா அவரு என்னத்துக்கு ஆவாரு?"

பாலக்கரையில் இது ஒன்றும் அதிசயமில்லை. அரபு நாட்டுக்குப் பயணம் போனவர்கள் வீட்டில் எல்லாம் இதே கதைதான். பெற்ற வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்ததைக்கூட நாற்பது நாள் கழித்துத் தெரிவித்த வீடுகள் உண்டு. நல்ல சேதி மட்டும்தான் கடல் தாண்டிப் போகும். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த நல்ல சேதி போகிற விதம்தான் கேசட். யாராவது பயணம் போகும்போது ஒரு கேசட்டில் வீட்டார் எல்லாரும் பேசி அவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அங்கே இருப்பவரும் பதிலுக்குப் பேசி அனுப்புவார். இந்தப் பெண்ணின் அத்தாவும் கடிதத்தை விட்டுக் கேசட்டுக்கு மாறியிருந்தார். வார்டிலேயே இவர்கள் பேசிப் பதிவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டூலின் மேல் டேப் ரிக்கார்டர். அம்மாவின் விரல் எப்போதும் ஸ்டாப் பொத்தான் மேலே. பெண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அத்தா, நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன்" என்பாள். உடனே அம்மா டக்கென்று நிறுத்துவாள். பெண் இரைப்பு அடங்கும் வரை இருப்பாள். மறுபடி பொத்தான். "பரீட்சையில நான் மூணாவது ரேங்க்கு." டக். இப்படி அரைமணி நேரம் உட்கார்ந்து மூன்று நிமிஷம் பேசுவார்கள். "சினிமாவா எடுக்கிறீங்க?" என்று அதட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். அங்கே நிற்க எனக்கு மனம் கேட்காது.

ஒரு நாள் அம்மா குழாயடிக்குப் போனபோது எக்ஸ்ரேக்காரர் வந்து பெண்ணின் கட்டிலோரம் உட்கார்ந்தார். நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தே, நோக்கு என்ன ஆசை? கோழி பிரியாணி எல்லாம் சிஸ்டரைக் கேட்டுக்கோ. மத்தது எதுவானாலும் என்னைக் கேளு."

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "முக்கொம்புல காவேரிப் புதுத்தண்ணி வருமில்ல, அதை ரிக்கார்டு பண்ணி அத்தாவுக்கு அனுப்பணும்."

விஷயம் இதுதான். கடைசியாக வந்த கேசட்டில் அத்தா ஒரு வழக்கைச் சொல்லியிருந்தார். அவர் அறையில் பத்துப் பேர், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். அதில் கும்பகோணத்துக்காரர் ஒருவர், மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது ஹோவென்று இரைச்சலாகத்தான் வரும் என்று அடித்துச் சொல்கிறாராம். அத்தாவோ, நான் சின்ன வயதில் முக்கொம்பில் பார்த்திருக்கிறேன், காய்ந்த மணலில் சத்தமே இல்லாமல் பூனை மாதிரி வரும் என்றாராம். மற்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். இவளுக்குத்தான் தாங்கவில்லை.

"சத்தமே இல்லாம வர்றதை எப்படிடி ரிக்கார்டு பண்ணுவே?" என்றேன்.

"அதைத்தான் சிஸ்டர் பண்ணணும். சத்தம் இல்லாம வருதுன்னு அவங்க எல்லாரும் கேக்கணும். எங்கத்தா பொய் சொல்லலைன்னு தெரியணும்."

எக்ஸ்ரேக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளின் ஆசையைக் கேட்டிருக்கிறோம். தன் தகப்பனின் வார்த்தை ஜெயிக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளை இவள் ஒருத்திதான்.

டாக்டரிடம் அனுமதி வாங்கியது நான். கெஞ்சி வாங்கவில்லை, சண்டை போட்டு வாங்கினேன். ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரி வேனில், சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு, நான் கூடவே இருக்க வேண்டும், ஒரு அடிகூட நடக்க விடக்கூடாது, சாயங்காலம் நாலு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். அம்மா முதலில் முடியாது என்றாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். "ஆனா சிஸ்டர், கேசட்டுல வேற எதுவும் பேசக்கூடாது. சத்தியம் பண்ணுங்க." எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டேப்பில் உண்மையை எல்லாம் நானே கொட்டிவிடலாம் போல இருந்தது. பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்துகொடுத்தேன்.

ஜூனில் மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் எங்கே வருகிறது என்று ஊர் ஊராகப் போனில் சொல்லிக்கொண்டே வருவார்கள். எக்ஸ்ரேக்காரரின் மச்சினருக்கு முக்கொம்பில் மதகுப் பக்கம் வேலை. மூன்றாம் நாள் காலையில் எக்ஸ்ரேக்காரர் வார்டு வாசலில் வந்து நின்று, "மாயனூர் தாண்டிடுத்து! மத்தியானம் நமக்கு வந்துடும்" என்றார். பெருமாளே நேரில் எழுந்தருளப்போகிற மாதிரி பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு முக்கொம்பு போய்ச் சேர்ந்தோம். வார்டிலிருந்து ஒரு மர நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். ஆற்றுக்குள் இறங்கி மணலில் அதைப் போட்டு, எக்ஸ்ரேக்காரரும் வேன் டிரைவரும் பெண்ணைத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். மடியில் டேப் ரிக்கார்டர். ஒரு பக்கம் அம்மா குடை பிடித்தாள். இன்னொரு பக்கம் நான், சிலிண்டரோடு. கரையிலும் மணலிலும் கூட்டம் சேர ஆரம்பித்தது. விவசாயிகள் விதைநெல்லும் பூவும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி என்று கொண்டு வந்திருந்தார்கள். கடலைக்காரன் வாணலியை டங் டங்கென்று தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. தண்ணீரைக் காணோம். மூன்றரைக்கு மச்சினர் வந்து தலையைச் சொறிந்தார். "இந்த வருஷம் மணல் ரொம்பக் காஞ்சு கெடக்கு. வர்ற தண்ணியை எல்லாம் வழியிலயே குடிச்சுண்டு இருக்கு" என்றார். டிரைவர் மணியைப் பார்த்தார். நாலுக்குள் திரும்ப வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. பெண்ணின் உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நீலம் இல்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன் டிரைவரிடம்.

"டாக்டர் திட்டுவாரு சிஸ்டர்."

"என்னைத்தானே திட்டுவாரு? நீ ஏன்யா பயப்படுறே?"

ஐந்தே காலுக்கு மேற்கே நின்றிருந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து கூச்சல் போட்டது. பெண்கள் குலவைக்கு வாய் எடுத்தார்கள். யாரோ வெடிகூடக் கொண்டு வந்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆரவாரத்தில் எதைப் பதிவு செய்வது? பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு முழுக்க அவள் அழுகிற மாதிரி ஆனது அப்போதுதான்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. வார்டில் கத்துகிற அதே கத்தலைக் கத்தினேன். "சத்தம் போடாதீங்க! யாரும் வாயைத் தொறக்காதீங்க! இந்தப் புள்ளை தண்ணி சத்தத்தைப் புடிக்குது!"

பெரிய மீசை வைத்த ஒரு விவசாயி திரும்பி, "எங்க ஆத்துக்கு வந்து எங்களையே அதட்டுதே இந்த அம்மா" என்றார். எக்ஸ்ரேக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உடம்பு முடியாத கொழந்தைங்க. தோப்பனார் சவூதில இருக்கார். காவேரி வர்ற சத்தத்தைக் கேக்க ஆசைப்படறார். தயவு பண்ணுங்கோ." மீசைக்காரர் நாற்காலியைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டி, "டேய், எல்லாரும் வாயை மூடுங்கடா!" என்றார்.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தச் சேதி மணலில் வாய் வழியாகப் போயிற்று. சவூதியாம், அத்தாவாம், முடியாத புள்ளையாம் என்று முணுமுணுப்பு கரை வரைக்கும் போய், பிறகு அதுவும் நின்றது. வெடி வைத்திருந்தவன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். கடலைக்காரன் கரண்டியைக் கீழே வைத்தான். பெண்கள் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்து வாயை அடைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை காவேரித் தாயை வரவேற்கக் காத்திருக்கிற சனம், நூற்றுக்கணக்கான பேர், யாரோ ஒரு முகம் தெரியாத மனிதருக்காகக் குலவையை விழுங்கிக்கொண்டு நின்றார்கள். சர்ச்சில் திருப்பலி நடுவில்கூட நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

பெண் பொத்தானை அழுத்தினாள். பழக்கதோஷத்தில் அம்மாவின் விரலும் ஸ்டாப் பொத்தானுக்குப் போயிற்று. பெண் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

தண்ணீர் வந்தது. அவள் அத்தா சொன்னது சத்தியம். இரைச்சல் எதுவும் இல்லை. மணல் மேல் ஒரு நனைந்த கோடு முன்னே நகர்ந்தது. அதன் ஓரத்தில் நுரை, காய்ந்த இலை, வைக்கோல், உயிருக்குத் தப்பி ஓடுகிற எறும்புகள். நிற்கும், யோசிக்கும், ஒரு பள்ளத்தைக் குடித்து நிரப்பிவிட்டு மறுபடி நகரும். பக்கத்தில் வந்தபிறகுதான் மெல்லிசாகச் சொடசொடவென்று கேட்டது, எண்ணெயில் வடாம் பொரிகிற மாதிரி. அது தண்ணீரின் சத்தம்கூட இல்லை. மணல் குடிக்கிற சத்தம். நாற்காலியின் கால்களைச் சுற்றிக்கொண்டு அவள் பாதத்தைத் தொட்டபோது அவள் ஹக்கென்று ஒரு தடவை மூச்சை இழுத்தாள். அம்மா குடையை எப்போது கீழே போட்டாளோ தெரியாது. கணுக்கால் தண்ணீரில் நின்று வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேக்காரர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். பெண் பொத்தானை அழுத்தி நிறுத்திய பிறகுதான் கூட்டம் வாயைத் திறந்தது. முக்கொம்பில் அப்படி ஒரு குலவையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மீசைக்காரர் தன் தாம்பாளத்துப் பூவை ஆற்றில் பாதி போட்டுவிட்டு, மீதியை அவள் மடியில் போட்டார்.

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து பயணம் போனவர் கையில் கேசட் போயிற்று. நாட்கள் போயின. பதில் வரவில்லை. பெண்ணின் கால் வீங்க ஆரம்பித்தது. மூன்று தலையணை நாலாயிற்று. டாக்டர் சொன்ன இரண்டு மாதத்தில் ஒரு மாதம் போய்விட்டது. நானும் அந்த அம்மாவும் தினமும் சண்டை. "நீ சொல்றியா, நான் சவூதிக்கு ட்ரங்க் கால் போடட்டுமா?" என்பேன். "போட்டீங்கன்னா புள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்" என்பாள். அவளும் இளைத்துப்போயிருந்தாள். நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு வார்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கசங்கின சட்டை, மூன்று நாள் தாடி. தோளில் ஒரு பை, வலது கையைச் சுற்றி ஒரு டவல். பார்க்கிற நேரம் இது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து "அத்தா!" என்று ஒரு குரல்.

அவர் ஓடவில்லை. மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் முதலில் கேட்டது, "கேட்டுச்சா அத்தா? பூனை மாதிரிதானே வந்துச்சு?"

"ஆமாம்மா. அத்தா ஜெயிச்சுட்டேன்."

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு என்னை முறைத்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"யாரும் சொல்லல" என்றார் அவர். "டேப்பைப் போட்டுட்டு பத்துப் பேரும் உட்கார்ந்திருக்கோம். தண்ணி இன்னும் வரல. ஒரு சத்தமும் இல்ல. மூச்சு மட்டும் கேக்குது. புள்ளை ஓடியாந்திருக்கும், அதான் மூச்சு வாங்குது, இப்ப அடங்கிடும்னு நெனச்சேன். அடங்கல. தண்ணி வந்துச்சு, தாண்டிப் போச்சு, அப்பவும் அடங்கல. அந்தக் கும்பகோணத்துக்காரரு என்னைப் பார்த்தாரு. தண்ணியைப் பத்தி ஒருத்தரும் பேசல."

அந்த மூச்சை நான் தினமும் எண்ணி எழுதுகிறவள். முக்கொம்பில் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எனக்குக் கேட்கவே இல்லை. இப்படி இரைக்கிற பிள்ளைகளை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அது எனக்கு வார்டின் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிப்போயிருந்தது. ஊரையெல்லாம் வாயை மூடச்சொல்லி நாங்கள் சவூதிக்கு அனுப்பியது தண்ணீரின் சத்தத்தை இல்லை.

"அந்த டேப்பை மொதலாளிக்கிட்ட கொண்டுபோய்ப் போட்டேன்" என்றார் அவர். "அவருக்குத் தமிழ் தெரியாது. அதுல பேச்சே இல்லையே. கேட்டாரு. எந்திரிச்சுப் போய் பாஸ்போர்ட்டை எடுத்தாந்து குடுத்துட்டாரு."

அந்த வாரமே மெட்ராஸுக்குப் போனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண் பிழைத்தாள், படித்தாள், வளர்ந்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு இன்றைக்கும் மறக்காதது, அவர் வந்த அன்றைக்கு மெட்ராஸுக்கு அனுப்புகிற தாளில் கையெழுத்து வாங்கிய நிமிஷம்தான்.

தாளை நீட்டினேன். அவர் பேனாவை இடது கையில் வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாக முதல் எழுத்தை எழுதினார். தாள் நழுவிற்று. மறுபடி எழுதினார், மறுபடி நழுவிற்று. என் புத்தி எங்கே போகும்? "என்ன பாய் இது, வெளையாட்டா? ஆஸ்பத்திரிப் பேப்பரு. சோத்துக் கையால ஒழுங்காப் போடுங்க" என்று அதட்டினேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு வலது கையில் சுற்றியிருந்த டவலை மெதுவாக எடுத்தார். கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. பழைய காயம், ஆறி வழவழவென்று இருந்தது.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். "எப்ப?" என்றாள்.

"ரெண்டு வருஷமாச்சு. மெஷின்ல. இப்ப வலியெல்லாம் இல்ல. அதே கம்பெனியில காவக்காரன் வேலை குடுத்திருக்காங்க, ஒண்ணும் கஷ்டமில்ல."

"அதான் லெட்டர் போடுறதை விட்டுட்டு கேசட்டா அனுப்புனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "புள்ளையை வச்சுக்கிட்டு நீ ஒத்தையில இருந்தே" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. இத்தனை நாளாக ஸ்டாப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டிருந்தவள் அவள். மறுமுனையில் இன்னொருவர் அதையே செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் முன்னால் நிற்கவே எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது.

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் தூக்கி, நழுவிக்கொண்டிருந்த தாளின் மேல் வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் இடது கையால் மெதுவாகத் தன் பெயரை எழுதி முடித்தார். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அதற்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.